ஏழு பள்ளி நாட்களும் ஒரு குற்றமும்: ஐல் ஆஃப் வைட் வருகை வழக்கு

2015 ஏப்ரலில், இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள ஐல் ஆஃப் வைட் தீவில் வாழ்ந்த தந்தை ஒருவர், தொடக்கப் பள்ளியில் படித்துவந்த தம் மகளைப் பள்ளி நடக்கும் நாட்களில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குக் குடும்பச் சுற்றுலா அழைத்துச் சென்றார். புறப்படும் முன்பே பள்ளியிடம் விடுப்பு கேட்டிருந்தார். தலைமை ஆசிரியர் மறுத்துவிட்டார். ஆனாலும் பயணம் நடந்தது. சிறுமி தவறவிட்டவை ஏழு பள்ளி நாட்கள். அவற்றுக்காக விதிக்கப்பட்ட 60 பவுண்டு அபராதம், உரிய காலத்தில் கட்டப்படாததால் 120 பவுண்டாக உயர்ந்து, அதுவும் கட்டப்படாததால் குற்ற வழக்காக மாறி, உள்ளூர் நடுவர் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் ஆகியவற்றைக் கடந்து, 2017இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

தொகையைப் பார்த்தால் இது மிகச் சிறிய வழக்கு. ஆனால் அது எழுப்பிய கேள்வி, பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது: ஒரு பிள்ளை பள்ளிக்கு ‘ஒழுங்காக’ வருகிறது என்று எப்போது சொல்லலாம்? பெரும்பாலான நாட்கள் வந்தால் போதுமா, அனுமதியின்றி ஒரு நாளும் தவறாமல் வர வேண்டுமா? உச்ச நீதிமன்றம் இரண்டாவதையே விடையாகத் தந்தது. சட்டத்தைப் படிக்கும் முறையில் அந்த விடை சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதன் விளைவாக, குடும்பங்களின் நிலைமையை எடைபோடும் பொறுப்பு முழுவதும் நீதிமன்றத்திலிருந்து தலைமை ஆசிரியரின் அறைக்கு நகர்ந்துவிட்டது. அந்த அறையில் எடுக்கப்படும் முடிவை யாரும் மறுபடி சீர்தூக்கிப் பார்ப்பதில்லை என்பதே இந்த வழக்கின் மெய்யான சிக்கல்.

சட்டம் வகுத்த கடமை

இங்கிலாந்தில் கல்வி பற்றிய கடமை பிள்ளையின் மீது சுமத்தப்படவில்லை. பெற்றோர் மீதே சுமத்தப்பட்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஏழாம் பிரிவில், கட்டாயக் கல்வி வயதில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் அதன் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியைப் பெறுமாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பெற்றோரிடம் ஒப்படைக்கிறது. அது பள்ளி வழியாகவும் இருக்கலாம், வீட்டிலேயே கற்பிப்பது போன்ற வேறு வழியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பள்ளியில் பெயர் பதிந்துவிட்டால் 444ஆம் பிரிவு நடைமுறைக்கு வருகிறது: பெயர் பதிந்த பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காக வரத் தவறினால், பெற்றோர் குற்றம் புரிந்தவர் ஆவார். இதற்கு 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

பெற்றோர் வேண்டுமென்றே செய்தார்களா என்ற கேள்வி இந்தக் குற்றத்தில் எழுவதே இல்லை. பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பதே பெற்றோருக்குத் தெரியாமல் இருந்த நிலையிலும் குற்றம் நிலைக்கும் என்று 1969ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. இது நியாயமான விசாரணைக்கான உரிமைக்கு முரணானதன்று என்று 2003இல் உயர் நீதிமன்றமும் ஏற்றது. தெரிந்தும் அனுப்பத் தவறிய பெற்றோருக்கெனத் தனியாக ஒரு கடுமையான குற்றம் உண்டு. அதற்கு 2,500 பவுண்டு வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். 2002இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஒரு தாய், மகள்கள் பள்ளிக்கு வராத காரணத்துக்காக உண்மையாகவே சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டுச் செய்தித்தாள்களில் அது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஆகவே இந்தப் பிரிவை வெறும் காகிதச் சட்டம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

விதிவிலக்குகள் குறைவு. பள்ளியின் அனுமதி பெற்ற விடுப்பு, பிள்ளையின் நோய் அல்லது தவிர்க்க முடியாத காரணம், பெற்றோர் சார்ந்த சமய அமைப்பு வழிபாட்டுக்கெனவே ஒதுக்கிய நாள், பள்ளி நடந்துபோக முடியாத தொலைவில் இருந்தும் போக்குவரத்து ஏற்பாடு செய்யப்படாமை ஆகியவையே முதன்மையானவை. இந்தத் தொலைவு இன்றும் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டு மைல் என்றும், மற்றவர்களுக்கு மூன்று மைல் என்றும் கணக்கிடப்படுகிறது. ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்பதை நீதிமன்றங்கள் எவ்வளவு குறுக்கிப் படித்தன என்பதற்கு 1949ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு சான்று: நோயுற்ற தாய்க்கு உதவியாக வீட்டில் நின்ற ஒரு சிறுமியின் வழக்கில், தவிர்க்க முடியாத காரணம் பிள்ளையையே நேரடியாகப் பாதிப்பதாக இருக்க வேண்டும், தாயின் நோய் அந்த வகையில் வராது என்று முடிவானது. 1884இல் நிலைமை வேறாக இருந்தது. வறுமைப்பட்ட பெற்றோருக்குத் துணையாக நின்ற ஒரு சிறுமி பள்ளிக்கு வராததை அன்றைய நீதிபதிகள் தக்க காரணமாக ஏற்றிருந்தார்கள். இந்த இரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட 65 ஆண்டுகளில் சட்டத்தின் மொழியே மாறியிருந்தது. அந்த மாற்றம்தான் பின்னர் இந்த வழக்கின் முடிவையும் தீர்மானித்தது.

அபராத அறிவிப்பும் 2013ஆம் ஆண்டின் மாற்றமும்

ஒவ்வொரு சிறு தவறுக்கும் நீதிமன்றம் செல்ல முடியாது என்பதால், 2003ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டம் அபராத அறிவிப்பு என்னும் இடைவழியை ஏற்படுத்தியது. அறிவிப்பைப் பெறும் பெற்றோர் தொகையைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. கட்டாவிட்டால் உள்ளாட்சி மன்றம் வழக்குத் தொடரலாம். அறிவிப்பு பெற்றோர் ஒவ்வொருவருக்கும், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரும். தாயும் தந்தையும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு வீட்டுக்கு ஒரே பயணத்துக்காக ஆறு அறிவிப்புகள் வரலாம்.

இக்கருவி முதலில் எண்ணப்பட்டது, மாதக்கணக்கில் பள்ளியை எட்டிப் பார்க்காத பிள்ளைகளை மனத்தில் வைத்து. சுற்றுலா விடுப்புக்கு அப்போது வேறு வழி இருந்தது: சிறப்புச் சூழ்நிலை இருந்தால், ஆண்டுக்குப் பத்துப் பள்ளி நாட்கள் வரை குடும்ப விடுமுறைக்கு அனுமதி அளிக்கும் விருப்புரிமை தலைமை ஆசிரியருக்கு இருந்தது. மைக்கேல் கோவ் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 2013 செப்டம்பர் 1 முதல், இந்தப் பத்து நாள் குறிப்பு விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. அதன்பின் எந்த விடுப்பாக இருந்தாலும் ‘விதிவிலக்கான சூழ்நிலை’ இருந்தால் மட்டுமே அனுமதி. சுற்றுலா செல்லும் விருப்பமோ தேவையோ பொதுவாக அந்த வகையில் அடங்காது என்று அரசின் வழிகாட்டுதல் பின்னர் வெளிப்படையாகவே சொன்னது.

பெற்றோரின் எதிர்ப்பு கூர்மையானதற்கு இதுவே காரணம். பள்ளி விடுமுறைக் காலத்தில் விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் ஏறிவிடுகின்றன. ஐல் ஆஃப் வைட் போலவும் கார்ன்வால் போலவும் சுற்றுலாவையே நம்பிப் பிழைக்கும் இடங்களில், கோடையில் மற்றவர்கள் ஓய்வெடுக்க வரும்போது உள்ளூர்ப் பெற்றோர் இரவும் பகலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து எங்கேனும் போவதென்றால் அது பள்ளி நடக்கும் மாதங்களில்தான் முடியும். இந்த முறையீடுகள் அற்பமானவை என்று நான் எண்ணவில்லை. அதே வேளையில், வழக்கின் நாயகரான தந்தை வறுமையைக் காரணம் காட்டியவர் அல்லர் என்பதையும் மறக்கக் கூடாது. அவருடைய வாதம் கொள்கை சார்ந்தது: ஒரு சில நாள் விடுப்பு, மற்ற நாட்களில் நன்றாக வரும் பிள்ளையை ஒழுங்கற்ற பிள்ளையாக்கிவிடாது என்பதே அது.

மூன்று நீதிமன்றங்கள்

2015 அக்டோபரில் தீவின் நடுவர் நீதிமன்றத்தில் தந்தை வென்றார். அந்தக் கல்வியாண்டில் மகளின் வருகை 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்ததைச் சுட்டி, ஒழுங்காக வரத் தவறியதாக நிறுவப்படவில்லை, எனவே அவர் பதிலளிக்கத் தேவையே இல்லை என்று நடுவர்கள் கருதினார்கள். தீவின் உள்ளாட்சி மன்றம் மேல்முறையீடு செய்தது. 2016 மே மாதத்தில் லண்டன் உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வும் தந்தையின் பக்கமே நின்றது: குற்றச்சாட்டில் குறிப்பிட்ட நாட்களை மட்டும் பார்க்காமல், அதற்கு வெளியே உள்ள வருகையையும் சேர்த்துப் பார்க்க நடுவர்களுக்கு உரிமை உண்டு என்றது.

அடுத்த சில மாதங்கள் குழப்பமானவை. பல உள்ளாட்சி மன்றங்கள் அபராதக் கொள்கையை மறு ஆய்வு செய்தன. சில நிறுத்தியும் வைத்தன. தேவைப்பட்டால் சட்டத்தையே திருத்துவோம் என்று அரசு சொன்னது. உச்ச நீதிமன்றம் சென்ற மேல்முறையீட்டில் கல்வி அமைச்சரும் இடையீட்டாளராகச் சேர்ந்துகொண்டார். 2017 ஜனவரி 31 அன்று ஐந்து நீதிபதிகள் முன் வாதம் நடந்தது. ஏப்ரல் 6 அன்று ஒருமனதான தீர்ப்பு வந்தது. அப்போது அந்நீதிமன்றத்தின் துணைத் தலைவராக இருந்த லேடி ஹேல் தீர்ப்பை எழுதினார்.

உச்ச நீதிமன்றம் எப்படிப் படித்தது

சட்டத்திலுள்ள ‘ஒழுங்காக’ என்பதற்கு மூன்று பொருள்கள் சாத்தியம் என்று தீர்ப்பு தொடங்குகிறது. சீரான இடைவெளியில் வருவது ஒன்று. போதிய அளவு அடிக்கடி வருவது இரண்டு. விதித்த விதிகளின்படி வருவது மூன்று. முதலாவதை நீதிமன்றம் எளிதாகத் தள்ளியது: வாரந்தோறும் திங்கட்கிழமை மட்டும் தவறாமல் வரும் பிள்ளையும் சீரான இடைவெளியில்தான் வருகிறது, அதைக் கல்வி என்று யாரும் ஏற்கமாட்டார்கள். உண்மையான போட்டி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் இருந்தது.

வரலாற்றிலிருந்து வந்த வாதம், என் பார்வையில், தீர்ப்பின் மிகச் செறிவான பகுதி. 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் பள்ளி வாரியங்களை ஏற்படுத்தி, ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளின் வருகையைக் கட்டாயமாக்கும் துணைவிதிகளை இயற்றும் அதிகாரத்தை அவற்றுக்குத் தந்தது. கட்டாயம் உடனே நாடு முழுதும் வந்துவிடவில்லை. 1880ஆம் ஆண்டின் சட்டமே எல்லாப் பகுதிகளிலும் அத்தகைய விதிகளைக் கட்டாயமாக்கியது. அறுவடைக் காலத்தில் வயலுக்கும், பாதி நாள் ஆலைக்கும் போன பிள்ளைகள் அக்காலத்தில் ஏராளம். பாதி நாள் வேலை, பாதி நாள் பள்ளி என்ற ஏற்பாட்டை ஒழிக்க 1918ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாளைய சட்டங்கள் பெற்றோருக்கு ‘தக்க காரணம்’ என்னும் விரிந்த பாதுகாப்பைத் தந்திருந்ததால், நீதிபதிகளும் குடும்பத்தின் வறுமையைக் கணக்கில் எடுக்க முடிந்தது.

1944இல், அன்றைய கல்வி அமைச்சர் பட்லர் கொண்டுவந்த கல்விச் சட்டம் வந்தபோது அந்த விரிந்த பாதுகாப்பு கைவிடப்பட்டது. இன்று நாம் காணும் குறுகிய விதிவிலக்குப் பட்டியல் அதன் இடத்தைப் பிடித்தது. பள்ளிக் கல்வியின் கட்டாயத்தை வலுப்படுத்தவே அச்சட்டம் வந்தது என்னும்போது, பெற்றோருக்கு முன்னைவிடத் தளர்வு தருவதாக அதே சட்டத்தின் சொற்களைப் படிப்பது பொருந்தாது என்று லேடி ஹேல் முடிவுசெய்தார். 1961ஆம் ஆண்டு வழக்கு ஒன்றும் இதற்குத் துணை நின்றது. வருகைப் பதிவேடு மூடிய பிறகு பிந்தி வந்த பிள்ளை, வராத பிள்ளையாகவே கொள்ளப்படும் என்றும், ஒழுங்கான வருகை என்பது கல்வி தரும் பொறுப்பில் உள்ளவர் விதித்த நேரத்துக்கு வருவதே என்றும் அவ்வழக்கில் தீர்ப்பாகியிருந்தது.

இரண்டாவது வாதம் உறுதி பற்றியது. ‘போதிய அளவு’ என்பது எத்தனை? 90 விழுக்காடா, 85ஆ? குற்றத்தின் எல்லை எங்கே என்பது பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒரு நாள் பிள்ளையை வீட்டில் நிறுத்தும்போது அது குற்றமா என்பதை, ஆண்டு முடிவில் யாரோ ஒரு நடுவர் போடும் கணக்கைப் பொறுத்து அறிய வேண்டியிருந்தால், அது குற்றச் சட்டமாக இருக்கத் தகுதியற்றது. இந்த வாதத்துக்குத் தந்தை தரப்பில் நிறைவான பதில் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. விடுதிப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளை அனுமதியின்றி இல்லாமல் போனாலே சட்டம் அதைத் தவறாகக் கொள்கிறது. வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைக்கு மட்டும் தளர்வான அளவுகோல் இருப்பது முரண் என்பதும் எடுத்துக்காட்டப்பட்டது.

மூன்றாவது, வகுப்பறை பற்றியது. ஒரு பிள்ளை விட்டுப் போனதை ஆசிரியர் மறுபடி சொல்லித்தர வேண்டும். சேர்ந்து செய்யும் வேலைகள் தடைப்படும். ஒருவர் தம் வசதிப்படி பிள்ளையை அழைத்துப் போகலாம் என்றால் மற்றவர்களும் போகலாம். எவ்வளவு செலவானாலும், எவ்வளவு சிரமமானாலும் விதியை மதித்து நடக்கும் பெற்றோருக்கு அது அநீதி என்றும் தீர்ப்பு சொல்லியது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு பிள்ளைகள் இல்லாத நிலையில் பின்னக் கணக்கைத் தொடர்ந்து கற்பிக்க முயன்ற எந்த ஆசிரியரும் இந்த வாதத்தின் கனத்தை உணர்வார்.

அப்படியானால், அனுமதியின்றி ஒரே ஒரு வேளை, அதாவது ஒரு காலையோ ஒரு பிற்பகலோ, வராமல் இருந்தாலும் குற்றமா? கோட்பாட்டளவில் ஆம் என்பதே விடை. அதன் கடுமையை நீதிமன்றம் மறைக்கவில்லை. வழக்குத் தொடுப்பதில் உள்ளாட்சி மன்றங்கள் நிதானத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். அபராத அறிவிப்பு என்ற இடைவழி இருக்கிறது. மிகச் சிறிய தவறுக்குத் தண்டனையே இல்லாமல் விடுவிக்கும் அதிகாரம் நடுவர்களுக்கு உண்டு என்று பதில் தந்தது. வழக்கு நடுவர்களிடம் திருப்பி அனுப்பப்பட்டது. 2017 ஜூனில் தந்தை குற்றவாளியெனத் தீர்ப்பாகி, 12 மாதத்துக்குள் மீண்டும் குற்றம் புரியக் கூடாது என்ற நிபந்தனையுடன் தண்டனையின்றி விடுவிக்கப்பட்டு, 2,000 பவுண்டு வழக்குச் செலவு கட்டுமாறு ஆணையிடப்பட்டார்.

விதி யாருடைய கையில்

விதிப்படி வருவதே ஒழுங்காக வருவது என்றால், அடுத்த கேள்வி அந்த விதியை யார், எப்படி நடைமுறைப்படுத்துகிறார் என்பதே. இதற்கு வேல்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. அங்கும் இதே 444ஆம் பிரிவுதான். ஆனால் குடும்ப விடுமுறைக்குப் பத்து நாட்கள் வரை அனுமதிக்கும் விருப்புரிமை வேல்ஸ் தலைமை ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து இருந்துவருகிறது. ஒரே சட்டச் சொல், ஒரே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஆனால் எல்லைக்கோட்டின் ஒரு பக்கத்தில் குற்றமாவது மறுபக்கத்தில் அனுமதி பெற்ற விடுப்பாகலாம். ஆகவே இங்கிலாந்துப் பெற்றோரின் மனக்குறைக்கு உண்மையான காரணம் 2017ஆம் ஆண்டின் தீர்ப்பைவிட 2013ஆம் ஆண்டின் விதிமாற்றம்தான் என்பேன். நீதிமன்றம் கதவைப் பூட்டியது என்று பேசப்படுகிறது. அதன் அகலத்தை முன்னரே குறைத்தது அரசு.

‘விதிவிலக்கான சூழ்நிலை’ என்றால் என்ன என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாகப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்பதே வழிகாட்டுதல். இது தலைமை ஆசிரியருக்குப் பெரிய அதிகாரம், பெரிய சுமையும்கூட. ஒரு பள்ளியில் நெருங்கிய உறவினரின் திருமணத்துக்கு இரண்டு நாள் கிடைக்கிறது. அடுத்த தெருவிலுள்ள பள்ளியில் மறுக்கப்படுகிறது. பள்ளியின் வருகை விழுக்காடு ஆய்வாளர்களின் பார்வைக்குப் போகும் சூழலில், மறுப்பதே பாதுகாப்பானது என்று தலைமை ஆசிரியருக்குத் தோன்றினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

உண்மை சொல்பவர் தண்டிக்கப்படுகிறார் என்பதும் எனக்கு மிகவும் உறுத்துகிறது. இந்த வழக்கின் தந்தை வெளிப்படையாகக் கேட்டார், மறுக்கப்பட்டார், போனார், வழக்கைச் சந்தித்தார். அதே வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வெளிநாடு போன பெற்றோருக்கு எதுவும் நேராமல் போகலாம்; ஏனெனில் நோய் என்பது சட்டமே ஏற்கும் காரணம். ஐயம் எழுந்தால் மட்டுமே பள்ளி மருத்துவச் சான்று கேட்கும். விதியை மதிக்கும் பெற்றோருக்கான நியாயத்தைத் தீர்ப்பு பேசியது சரியே. ஆனால் விண்ணப்பத்தில் உண்மையை எழுதத் துணிந்தவருக்கு அதே நியாயம் எங்கே கிடைக்கும் என்பதும் கேட்கப்பட வேண்டும். பிள்ளையும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. திங்கட்கிழமை ஆசிரியர் கேட்டால் வயிற்றுவலி என்று சொல் என வீட்டில் கற்பிக்கப்படும் பாடம் எளிதில் மறப்பதன்று.

பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விதிகள் தொலைவான செய்தி அல்ல. லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், கிராய்டன் பகுதிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு, யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவது சுற்றுலாக் கணக்கில் சேர்வதில்லை. பதிவேட்டில் அது அப்படியே சேரலாம். திருமண முகூர்த்தங்கள் இங்கிலாந்துப் பள்ளி நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்கப்படுவதில்லை. மரணமோ நாள் பார்த்து வருவதில்லை. ஈமச் சடங்குக்கு அவசரமாகப் புறப்படும் குடும்பம், எட்டாம் நாள், முப்பத்தொன்றாம் நாள் என்று தங்க வேண்டிய கட்டாயத்தைத் தலைமை ஆசிரியருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய உறவினரின் இறப்புக்குப் பள்ளிகள் பெரும்பாலும் சில நாட்கள் அனுமதிக்கின்றன; எத்தனை நாள் என்பது அவரவர் முடிவு.

சமய நாட்களுக்கான விதிவிலக்கைப் பலர் சரியாக அறியாமல் இருப்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோர் சார்ந்த சமய அமைப்பு ஒரு நாளை வழிபாட்டுக்கென்றே ஒதுக்கியிருந்தால், அன்று பிள்ளை வராததைச் சட்டம் தவறாகவே கொள்ளாது. பதிவேட்டில் அதற்கெனத் தனிக் குறியீடு உண்டு. தீபாவளிக்கு ஒரு நாள் விடுப்பை இந்த அடிப்படையில் முன்கூட்டியே எழுதிக் கேட்பது, அன்று காலை ‘உடம்பு சரியில்லை’ என்று அழைப்பதைவிட எல்லா வகையிலும் நல்லது. ஆனால் அந்த ஒரு நாளோடு சேர்த்து ஒரு வாரம் ஊருக்குப் போய்வரும் பயணத்துக்கு இந்த விதிவிலக்கு நீளாது.

பெருந்தொற்றுக்குப் பின்

இங்கிலாந்தின் பள்ளி ஆண்டு 190 நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் காலை, பிற்பகல் என இரண்டு பதிவுகள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் தவறவிடும் பிள்ளை, அதாவது ஆண்டு முழுவதில் ஏறத்தாழ 19 நாட்கள் வராத பிள்ளை, தொடர்ந்து வராதவராகக் கணக்கிடப்படுகிறது. கொரோனாவுக்கு முந்தைய 2018-19இல் இத்தகையோர் 10.9 விழுக்காடு; 2022-23இல் 21.2 விழுக்காடு. ஐந்தில் ஒரு பிள்ளை என்பது எந்த நாட்டையும் கவலைகொள்ள வைக்கும் அளவு.

இதே காலத்தில் அபராத அறிவிப்புகளும் பெருகின. 2022-23இல் ஏறத்தாழ 4 லட்சம் அறிவிப்புகள். அவற்றில் பத்தில் ஒன்பது அனுமதியற்ற குடும்ப விடுமுறைக்கானவை. மறு ஆண்டில் எண்ணிக்கை 4.87 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் பள்ளிக்கு வராமைக்கு முதற்காரணம் எப்போதும் நோய்தான். அனுமதியற்ற விடுமுறை மொத்தப் பள்ளி வேளைகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தையே பிடிக்கிறது. மனப்பதற்றத்தால் பள்ளி வாசலைத் தாண்ட முடியாத பிள்ளை, சிறப்புக் கல்வித் தேவைக்கான உதவிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளை, வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளை ஆகியோரை இந்த அறிவிப்பு திருப்பி அழைத்துவராது. எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய விடுப்புக்கே கருவி அதிகம் பயன்படுகிறது. கடினமான விடுப்புக்கு ஆள்வளமும் நேரமும் தேவை. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாமல் அபராதத் தொகையை மட்டும் உயர்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

2024 ஆகஸ்டில் இங்கிலாந்து முழுமைக்கும் ஒரே வரையறை வந்தது. பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியின்றிப் பத்து வேளைகள், அதாவது ஐந்து நாட்கள், தவறினால் அபராத அறிவிப்பு வழங்குவது பற்றிப் பள்ளி எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் முறை 160 பவுண்டு. 21 நாட்களுக்குள் கட்டினால் 80. மூன்று ஆண்டுகளுக்குள் அதே பெற்றோருக்கு அதே பிள்ளைக்காக இரண்டாம் முறை வந்தால் சலுகையின்றி 160. மூன்றாம் முறை அறிவிப்பே இல்லை. வழக்கு உள்ளிட்ட வேறு நடவடிக்கைகள் வரும். உச்ச நீதிமன்றம் வேண்டிய வழக்குத் தொடுக்கும் நிதானத்துக்கு இப்போது ஓர் எண் கிடைத்திருக்கிறது. எத்தனை நாள் போதும் என்ற கேள்வியை நீதிமன்றம் நிராகரித்த ஏழு ஆண்டுகளுக்குப் பின், அதே கேள்விக்கு நிர்வாக வழிகாட்டுதலில் வேறு வடிவில் விடை கிடைத்திருக்கிறது. உள்ளாட்சி மன்றத்துக்கு மன்றம் வேறுபட்ட பழைய நடைமுறையைவிட இது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எஞ்சியிருப்பது முறையீட்டு வழி. அபராத அறிவிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடமில்லை. தவறென்று கருதும் பெற்றோருக்கு இருக்கும் ஒரே வழி, கட்டாமல் இருந்து, குற்ற வழக்கில் நின்று வாதாடுவது. அங்கும் தலைமை ஆசிரியர் மறுத்தது நியாயமா என்று நடுவர் பார்ப்பதில்லை. அனுமதி இருந்ததா இல்லையா என்பதையே பார்ப்பார். சில நூறு பவுண்டுக்காகக் குற்றப் பதிவை வரவழைத்துக்கொள்ள எத்தனை பெற்றோர் துணிவார்கள்? கற்ற, வசதியுள்ள, சட்ட உதவி திரட்டத் தெரிந்த ஒருவர் மட்டுமே அந்தத் தொலைவைக் கடக்க முடிந்தது. விடுப்பு மறுக்கப்படும்போது காரணத்தை எழுத்தில் தருமாறு தலைமை ஆசிரியர்களைக் கட்டாயப்படுத்துவதும், அந்த மறுப்பை, பள்ளியை மேற்பார்வையிடும் ஆளுநர் குழுவில் இருவர் ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்ப்பதும் பெரிய செலவில்லாத ஏற்பாடுகள். பள்ளியிலிருந்து பிள்ளையை நீக்கும் முடிவுக்கு ஆளுநர் குழுவின் மறு ஆய்வு ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதால், அதற்கான பழக்கமும் படிவமும் பள்ளிகளில் இருக்கின்றன. விடுப்பு விண்ணப்பத்துக்கும் அந்த வழியைத் திறப்பதற்கு 444ஆம் பிரிவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றத் தேவையில்லை.